செம்பருத்தியா, சங்குப்பூவா, லிட்மஸ் தாளா? அமில-காரப் பாடத்துக்கு எந்த நிறங்காட்டி?

எட்டாம் வகுப்பில் அமிலங்களும் காரங்களும் நெருங்கி வரும் வாரத்தில் அறிவியல் ஆசிரியருக்கு ஒரு சின்னக் குழப்பம் வரும். ஆய்வக அலமாரியில் லிட்மஸ் தாள் கிடக்கிறது, ஆனால் அது வாங்கி எத்தனை வருடம் ஆயிற்றோ. வேலியோரம் செம்பருத்தி பூத்துக் குலுங்குகிறது. சத்துணவுக் கூடத்தில் கேட்டால் மஞ்சள்தூள் கிடைக்கும், பீட்ரூட்கூடக் கிடைக்கலாம். எதை வைத்துப் பாடம் நடத்துவது?

எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போனால், பாதி வகுப்பில் எலுமிச்சைச் சாறு 'நடுநிலை' என்று ஒரு குழு எழுதி வைத்திருக்கும். பிள்ளைகள் மேல் தவறில்லை. நிறங்காட்டி அப்படித்தான் காட்டியிருக்கும்.

கீழே உள்ள ஒப்பீடு ஒரு வழக்கமான நிலைமையை மனதில் வைத்தது: 40 மாணவர்கள், ஐந்து பேராக 8 குழுக்கள், அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள், தனி ஆய்வகம் இல்லை, வகுப்பறை மேசையே ஆய்வு மேசை.

முதலில், நிறம் எங்கே மாறுகிறது?

எந்த நிறங்காட்டிக்கும் ஒரு பொருள் அமிலமா காரமா என்று தெரியாது. பி.எச். என்பது அமில-கார அளவுகோல்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு குறிப்பிட்ட பி.எச். எல்லையைத் தாண்டும்போது நிறங்காட்டியின் மூலக்கூறு வடிவம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. அந்த எல்லை 7-இல்தான் இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. லிட்மஸ் ஏறக்குறைய 5-க்கும் 8-க்கும் இடையில் மாறும். மஞ்சள் 7.5-ஐத் தாண்டிய பிறகுதான் சிவக்கத் தொடங்கும். ஆய்வக நிறங்காட்டிகளில் பினாப்தலீனுக்கு 8.2 முதல் 10 வரை. மெத்தில் ஆரஞ்சுக்கு 3.1 முதல் 4.4 வரை, அதனால் லேசான அமிலத்தன்மை உள்ள மழைநீர்கூட அதில் மஞ்சளாகத்தான் நிற்கும், காரக் கரைசலைப் போலவே.

ஆகவே எது நல்ல நிறங்காட்டி என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, இன்றைய பாடவேளையில் மாணவர்களிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று பார்க்கவேண்டும். 'அமிலமா, காரமா?' என்பது ஒரு கேள்வி. 'இரண்டில் எது அதிக அமிலம்?' என்பது வேறு கேள்வி. 'நடுநிலையாக்கல் எந்தச் சொட்டில் முடிந்தது?' என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே நிறங்காட்டி சரிவராது.

லிட்மஸ் தாள்: சாட்சி சொல்ல மட்டும்

முதல் கேள்விக்கு லிட்மஸ் தாளைப்போல நேரடியான பதில் வேறெதிலும் கிடைக்காது. நீலத் தாள் சிவந்தால் அமிலம், சிவப்புத் தாள் நீலமானால் காரம், இரண்டும் மாறாவிட்டால் நடுநிலை. தேர்விலும் இதுதான் கேட்கப்படும். அம்மோனியா போன்ற வாயுவைச் சோதிக்க ஈரத் தாள்தான் வசதி. பூச்சாற்றை வைத்து அதைச் செய்வது சிரமம்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 8 குழு, 10 பொருள், இரண்டு நிறம் என்றால் 160 தாள். ஒவ்வொரு தாளையும் மூன்றாக வெட்டினால் 54 தாளில் முடிந்துவிடும். முழுத் தாளை முக்கி எடுப்பதால் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை. தாளைப் பொருளுக்குள் முக்கக் கூடாது. வெள்ளைத் தட்டில் துண்டை வைத்து, குச்சியால் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் போதும்.

இன்னொன்று, பழைய தாள். ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டி இருக்கும் அதே தட்டில் லிட்மஸ் புத்தகத்தையும் வைத்திருந்தால் நீலத் தாள் புட்டியின் ஆவியிலேயே மெல்லச் சிவந்துபோயிருக்கும். வகுப்புக்கு முந்தைய நாள் நீலத்தை எலுமிச்சையிலும் சிவப்பைச் சோப்பு நீரிலும் தொட்டுப் பாருங்கள். நனைந்த நீலத் தாள் கருநீலமாகத் தெரிவதை 'நிறம் மாறிவிட்டது' என்று மாணவர்கள் எழுதுவார்கள். பக்கத்திலேயே வெறும் நீர் தொட்ட துண்டு ஒன்று இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

மஞ்சள்: பாதி உண்மை சொல்லும் சாட்சி

மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் செம்பழுப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதனால்தான். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் சிவந்து, அலசியதும் மறுபடி மஞ்சளாவதும் இதே கதை. பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆரத்தி ஏன் சிவப்பு என்று கேட்டாலே வகுப்பில் பத்துக் கை உயரும்.

ஆனால் அமிலத்திலும் மஞ்சள், நீரிலும் மஞ்சள். எலுமிச்சையை நடுநிலை என்று எழுதவைப்பது மஞ்சள் பூசிய தாள்தான். இதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. மஞ்சள் தாளைச் சோப்பு நீரில் நனைத்துச் சிவக்க வைத்து, அந்தச் சிவந்த தாளில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அந்த இடம் மட்டும் மஞ்சளுக்குத் திரும்பும். பக்கத்தில் ஒரு சொட்டு வெறும் நீரும் விட்டுக் காட்டவேண்டும். நிறைய நீர் பட்டாலும் காரம் கரைந்து போய் மஞ்சள் திரும்பிவிடும் என்பதால், ஒரே ஒரு சொட்டோடு நிறுத்துங்கள்.

தாள் தயாரிப்பில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. மஞ்சள்தூளை நீரில் குழைத்துப் பூசினால் திட்டுத் திட்டாக ஒட்டும், காய்ந்ததும் உதிரும். குர்குமின் நீரில் அநேகமாகக் கரைவதில்லை. நாம் பூசுவது கிழங்கு மாவைத்தான். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை, சுமார் 3 கிராம், 30 மில்லி சர்ஜிகல் ஸ்பிரிட்டில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் மஞ்சள் திரவத்தில் வடிதாள் துண்டுகளை நனைத்து நிழலில் உலர்த்தினால் ஒரே சீரான தாள் வரும். வெயிலில் காயவைத்தால் வெளுத்துப்போகும். ஸ்பிரிட் தீப்பற்றும், பக்கத்தில் அடுப்போ மெழுகுவர்த்தியோ இருக்கக் கூடாது.

பூக்களுக்குப் போகும் முன்: தண்ணீரும் தாளும்

பூச்சாறு எடுக்கும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பூவால் வருவதில்லை, தண்ணீரால் வருகின்றன. நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம். அதைக் கொதிக்கவைத்தால் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, நீரின் பி.எச். இன்னும் ஏறும். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்குகிறதே, அந்த நீர்தான். அதில் செம்பருத்தியைப் போட்டால் எந்தப் பொருளையும் சேர்க்கும் முன்பே சாறு ஊதா கலந்த பச்சையாகிவிடும். 'பூ சரியில்லை' என்று இன்னும் பத்துப் பூவைப் பறித்து வருவார்கள்.

மழைநீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர், அல்லது இன்வெர்ட்டருக்கு ஊற்றுவதற்காகக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர், இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கடைசியாகச் சொன்னதை வாங்கும்போது லேபிளைப் படித்து வாங்கவேண்டும். பேட்டரிக்கான அமிலம் வேறு, நீர் வேறு. 'நடுநிலை' மாதிரிக்கும் இதே நீரைத்தான் வைக்கவேண்டும். குழாய்த் தண்ணீரை நடுநிலை என்று வைத்து, அது பச்சை சாய்ந்ததும் ஆசிரியர் திணறுவதை எந்த ஊர்ப் பள்ளியிலும் பார்க்கலாம்.

பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களில் உலோக அயனிகள் பூ நிறமியோடு சேர்ந்து நிறத்தை நீலம் பக்கம் இழுத்துவிடும்.

அடுத்து தாள். பூச்சாற்றைத் தாளில் தோய்த்து 'வீட்டு லிட்மஸ்' செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய. ஏ4 தாளில் செய்தால் பல சமயம் உலரும்போதே நீலமாகவோ பச்சையாகவோ போகும். இப்போதைய அச்சுத் தாள்களில் நிரப்பியாகக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பதால் தாளே லேசான காரம். வடிதாள் இல்லையென்றால், சாயமில்லாத டிஷ்யூ தாளில் ஒரு துண்டு நனைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செம்பருத்தி: எங்கும் கிடைக்கும், எல்லாம் காட்டாது

சிவப்புச் செம்பருத்தியில் ஆந்தோசயனின் வகை நிறமி இருக்கிறது. அமிலத்தில் கரும் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. பூச்சாறு அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாவதை 1664-இல் ராபர்ட் பாயில் வயலட் பூக்களை வைத்து எழுதியிருக்கிறார். நாம் செய்வது அதே சோதனைதான், பூ மட்டும் வேறு.

100 மில்லிக்கு ஆறு பூ. காம்பு, பச்சைப் புல்லி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு எல்லாம் களைந்து இதழ் மட்டும் எடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறச் செம்பருத்தி வேண்டாம். நீர் கொதித்து இறக்கி இரண்டு நிமிடம் ஆறிய பிறகு இதழைப் போட்டு 15 நிமிடம் மூடி வைத்து, மெல்லிய துணியில் வடிக்கவேண்டும். பிழியக் கூடாது. தலைக்குத் தேய்க்கும்போது கொழகொழவென்று வருமே, அந்தப் பசை பிழிந்தால் சாற்றில் இறங்கிவிடும். பிறகு சொட்டுக்குழாயில் நூல் இழுக்கும், ஒரு சொட்டு எங்கே முடிகிறது என்றே தெரியாது. அடுப்பில் வைத்துக் காய்ச்சினாலும் இதே கதிதான், கூடவே நிறமும் பழுப்பேறும்.

செம்பருத்தியின் பெரிய குறை நடுவில் இருக்கிறது. எலுமிச்சையிலும் சலவை சோடாவிலும் பளிச்சென்று காட்டும். மோரிலோ சோடா பானத்திலோ விட்டால் நிறம் வெளிறிப்போய், 'மாறியதா இல்லையா' என்று குழுவுக்குள் சண்டை நடக்கும். காரணம் வேதியியலில் உண்டு. பி.எச். 4 முதல் 6 வரையிலான பகுதியில் எளிய ஆந்தோசயனின் மூலக்கூறோடு ஒரு நீர் மூலக்கூறு இணைந்து, அதை நிறமற்ற வடிவமாக மாற்றிவிடுகிறது. நிறம் மாறுவதற்குப் பதில் மறைகிறது. சாற்றை இரண்டு மடங்கு செறிவாக எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

நம் வெப்பத்தில் சாறு ஒரு நாள் தாங்கும். மறுநாள் புளித்த வாடை வந்துவிட்டால் அது தானே அமிலமாகிவிட்டது, கொட்டிவிடுங்கள்.

சங்குப்பூ: வகுப்புக்கு எங்கள் முதல் தேர்வு

காக்கணம், காக்கரட்டான் என்றும் சொல்லும் நீலச் சங்குப்பூவிலும் இருப்பது ஆந்தோசயனின்தான். ஆனால் டெர்னாட்டின் என்ற இந்த வகையில் மைய வளையத்தின் இரு பக்கமும் நீண்ட கைகள்போலக் கூடுதல் பகுதிகள் தொங்குகின்றன. அவை மடிந்து மையத்தின்மேல் கூரைபோல் கவிந்துகொள்வதால் நீர் மூலக்கூறு எளிதில் நெருங்க முடிவதில்லை. செம்பருத்தி வெளிறும் இடத்தில் சங்குப்பூ நிறத்தோடு நிற்பதற்கு இதுதான் காரணம். நாள்பட இருக்கும் தன்மையும் இதனால் வந்ததே.

100 மில்லி சுடுநீருக்குப் பத்துப் பூ, அல்லது உலர்ந்த இதழ் 1 கிராம். பச்சைப் புல்லியைக் கிள்ளிவிடவேண்டும். ஐந்து நிமிடத்தில் மையைப்போல நீலம் இறங்கிவிடும், பசை கிடையாது, பிழியவும் வேண்டாம். வெள்ளைச் சங்குப்பூ இதற்கு உதவாது.

நிறங்கள் வரிசையாக வரும். எலுமிச்சைச் சாற்றில் சிவப்பு கலந்த ஊதா, எலுமிச்சையை விடப் புளிப்பான அமிலத்தில் இளஞ்சிவப்பு. நன்றாகப் புளித்த மோரில் கத்தரிப்பூ நிறம். நீரில் நீலம். ஆப்ப சோடாவில் பச்சை சாய்ந்த நீலம். சலவை சோடாவில் பச்சை. தெளிந்த சுண்ணாம்பு நீரில் முதலில் பச்சை, வைத்திருக்க வைத்திருக்க மஞ்சள். அந்த மஞ்சள் ஒரு பொறி: வலிமையான காரத்தில் நிறமி மூலக்கூறே உடைகிறது, அதன் பிறகு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய நீலம் முழுதாகத் திரும்பாது. மாணவர்கள் நிறங்களைக் கலந்த இரண்டு நிமிடத்துக்குள் குறித்துக்கொள்ளவேண்டும். பத்து நிமிடம் கழித்துக் குறிக்கும் குழுவின் அட்டவணை மற்றவர்களோடு ஒத்துப்போகாது.

இதிலும் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. ஏறக்குறைய 5 முதல் 7.5 வரை எல்லாமே நீலம். பாலையும் நீரையும் பிரித்துக் காட்டாது, மண் சோதனைக்கும் ஆகாது. அங்கே பி.எச். அளவைப் படிப்படியாகப் பல நிறங்களில் காட்டும் பொது நிறங்காட்டித் தாளை வாங்குவதே மேல். சிவப்பு முட்டைக்கோஸ் இந்த நடுப்பகுதியில் சற்று நன்றாக வேலை செய்யும், ஊதாவிலிருந்து நீலத்துக்கு நகர்வது கண்ணுக்குத் தெரியும்; 100 கிராம் நறுக்கி 200 மில்லி நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் போதும். ஆனால் நீலகிரியிலோ நகரத்து பல்பொருள் அங்காடியிலோ இருந்தால்தான் அது கைக்கு எட்டும், மறுநாளே வகுப்பறை நாறும். கிராமத்துப் பள்ளிக்கு முட்டைக்கோஸைத் தேடி அலைவது வீண்வேலை.

பீட்ரூட்டை விட்டுவிடுங்கள்

இயற்கை நிறங்காட்டிப் பட்டியல்களில் பீட்ரூட் தவறாமல் இடம்பெறும். பார்க்கவும் செம்பருத்திச் சாற்றைவிட அழகாக இருக்கும். எலுமிச்சையில் விட்டால் அதே நிறம், நீரில் அதே நிறம், ஆப்ப சோடாவிலும் அதே நிறம். சுண்ணாம்பு நீர் போன்ற வலிமையான காரத்தில் மட்டும் மஞ்சளாகும். அதில் இருப்பது ஆந்தோசயனின் இல்லை, பீட்டாலைன் என்ற வேறு குடும்பம். இயற்கையில் ஒரே செடியில் இந்த இரண்டு நிறமிகளும் சேர்ந்து காணப்பட்டதில்லை.

இது தெரிந்தால் பூப்பறிக்கும்போது ஏமாற மாட்டோம். காகிதப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை, சிவப்புத் தண்டுக்கீரை எல்லாமே பீட்டாலைன் கூட்டம். பார்ப்பதற்கு எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் பயனில்லை. நாவல்பழத் தோல், ஊதாக் கத்தரிக்காய்த் தோல் இரண்டும் ஆந்தோசயனின் பக்கம். சங்குப்பூ கிடைக்காத ஊரில் கத்தரிக்காய்த் தோல் கைகொடுக்கும். நேரம் மிச்சமிருந்தால் பீட்ரூட்டையும் செம்பருத்தியையும் பெயர் சொல்லாமல் இரண்டு குப்பியில் கொடுத்து, 'இதில் எது நிறங்காட்டி, எது வெறும் சாயம்?' என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பீட்ரூட்டுக்கு இந்த ஒரு வேலைதான் பொருத்தம்.

பினாப்தலீன்: எட்டாம் வகுப்புக்கு இப்போது வேண்டாம்

நடுநிலையாக்கல் எந்தச் சொட்டில் முடிகிறது என்று பார்க்க இதற்கு நிகரில்லை. நிறமற்றதிலிருந்து இளஞ்சிவப்பு, இடையில் மயக்கமே கிடையாது. 10 மில்லிக்கு இரண்டு சொட்டுப் போதும். அள்ளி விட்டால் நீரில் கரையாமல் பால்போலக் கலங்கும், அதை மாணவர்கள் வினை நடந்ததாக எழுதுவார்கள். முடிவுப்புள்ளியில் வந்த மெல்லிய சிவப்பு சில நிமிடத்தில் தானே மறைவதும் இயல்புதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மிச்சக் காரத்தைத் தின்றுவிடுகிறது.

ஒரு காலத்தில் மலமிளக்கி மாத்திரையாக விற்ற இந்தப் பொருள், புற்றுநோய் ஐயத்தால் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. ஆல்கஹால் கரைசல் என்பதால் தீயும் பிடிக்கும். 40 பேர் கையில் கொடுக்கவேண்டிய பொருள் அல்ல. ஆசிரியர் முன்னால் செய்துகாட்டலாம், மேல் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேசையில் என்ன, எவ்வளவு?

40 பேருக்குச் சோதனைக்குழாய் தேட வேண்டாம். காலியான மாத்திரை அட்டைகளைச் சேருங்கள். பெரிய குழியுள்ள, நிறமில்லாத பிளாஸ்டிக் அட்டையாக இருக்கட்டும். பின்பக்க அலுமினியத் தாளை உரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு வெறும் நீரில் மூன்று முறை அலசவேண்டும்; சோப்பு தங்கினால் எல்லாக் குழியும் பச்சை காட்டும். குழி மேல்நோக்கி இருக்கும்படி வெள்ளைத் தாள்மேல் வைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும்.

ஒரு குழிக்குப் பொருள் 6 சொட்டு, நிறங்காட்டி 3 சொட்டு. 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. 8 குழு, குழுவுக்கு 10 குழி என்றால் நிறங்காட்டி 240 சொட்டு, அதாவது 12 மில்லிதான். சிந்துவதற்கும் மறுபடி செய்வதற்கும் சேர்த்து 50 மில்லி வைத்துக்கொண்டால் தாராளம். பத்துப் பூவில் இரண்டு வகுப்புக்கு வேலை முடிந்துவிடும். வாளி நிறையச் சாறு காய்ச்சுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

சொட்டுக்குழாய் பொருளுக்கொன்று, குழுவுக்கொன்று அல்ல. ஒரே குழாயை எல்லாப் புட்டியிலும் விடும்போது மூன்றாவது குழுவுக்குப் போவதற்குள் நீர்ப் புட்டி எலுமிச்சை நீராகிவிடும். காலியான கண் சொட்டு மருந்துக் குப்பிகளில் பொருளை ஊற்றி எண் எழுதிக் கொடுத்தால் குழாயே தேவையில்லை. பழைய மருந்து லேபிளைக் கட்டாயம் கிழித்துவிடுங்கள்.

பொருள்களில் முதல் ஆறு எல்லோருக்கும் தெரிந்தவை, அவை நிற வரிசையை உண்டாக்குவதற்கு: எலுமிச்சை, வெளிறிய வினிகர், தெளிந்த புளித்த மோர்நீர், ஆர்.ஓ. நீர், ஆப்ப சோடா, சலவை சோடா. சோடாக்கள் இரண்டும் 100 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி. மீதி நான்கு குழி புதிர்களுக்கு: அரிசி கழுவிய நீரும் மறுநாள் பழைய சோற்று நீராகாரமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுவாரசியம். ஷாம்பூ, அடுப்புச் சாம்பல் ஊறிய தெளிநீர், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து, இவையும் நன்றாக வேலை செய்யும். கண்ணைக் கட்டிக்கொண்டு 'ஷாம்பூ காரம்தான்' என்று எழுதுகிற குழுக்கள் உண்டு. பெரும்பாலான ஷாம்பூ நீலத்திலேயே நின்றுவிடும்.

புளித் தண்ணீர் தன் பழுப்பால் நீலத்தைச் சேறாக்கும். பத்து மடங்கு நீர் சேர்த்துவிடுங்கள். புளியில் உள்ளது வலுக்குறைந்த அமிலம் என்பதால் பத்து மடங்கு நீர்த்தாலும் பி.எச். அரைப் புள்ளி அளவுதான் ஏறும். அமிலம் அமிலமாகவே இருக்கும், பழுப்பு மட்டும் குறையும். பிளீச்சிங் பவுடரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது நிறமியையே வெளுத்துவிடும், அதை 'நடுநிலை, நிறமில்லை' என்று பிள்ளைகள் படிப்பார்கள்.

சுண்ணாம்பு நீர் ஆசிரியர் கையில் இருக்கட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு அரைத் தேக்கரண்டியை அரை லிட்டர் நீரில் கலக்கி, இரவு முழுக்க மூடி வைத்து, மேல் தெளிவை மட்டும் இறுத்து எடுக்கவேண்டும். கலங்கலாக எடுத்துப் போனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. தெறித்துவிட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி மருத்துவரிடம் காட்டவேண்டும். கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலம் வகுப்பறைக்கு வேண்டவே வேண்டாம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டும் பழக்கமுள்ள வகுப்பில் இது கற்பனை ஆபத்து இல்லை. சங்குப்பூ நீரைக் கடைகளில் பானமாகவே விற்கிறார்கள் என்று யாராவது ஒரு மாணவர் சொல்வார். மேசையில் உள்ள எதையும் குடிக்கக் கூடாது என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆக, எதைக் கொண்டுபோவது?

இரண்டு பாடவேளை இருந்தால் மஞ்சளில் தொடங்கி, சங்குப்பூவில் வேலை செய்து, லிட்மஸில் சரிபார்ப்பது எங்கள் வரிசை. மஞ்சளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே பாடவேளைதான் என்றால் மஞ்சளை விட்டுவிட்டுச் சங்குப்பூ மட்டும். சங்குப்பூ இல்லாத இடத்தில் செம்பருத்தியை இரட்டைச் செறிவில் எடுத்து, மோரையும் சோடா பானத்தையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு நடத்தலாம். பூவே இல்லாத கோடையில் கத்தரிக்காய்த் தோல். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022-இல் தொடங்கிய செய்முறை அறிவியல் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர் வரும் நாளுக்கு இந்தப் பாடத்தைத் தள்ளிவைக்க முடிந்தால், மாத்திரை அட்டை நிரப்பும் குழப்பத்தில் இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும்.

பூக்கும் காலத்திலேயே சங்குப்பூ இதழைச் சேர்த்துவைப்பது நல்லது. காலையில் பறித்து, புல்லி கிள்ளி, செய்தித்தாள்மேல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால் நொறுங்கும் பதத்துக்கு வரும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, இருட்டான அலமாரியில் வைத்தால் மாதக் கணக்கில் நிற்கும். மூடும் முன் ஓர் இதழைச் சுடுநீரில் போட்டு, பாதியில் எலுமிச்சையும் பாதியில் ஆப்ப சோடாவும் விட்டுப் பாருங்கள். இரண்டும் மாறினால் புட்டியின்மேல் தேதி எழுதி மூடிவிடலாம்.